செவ்வாய் காலை இண்டர்வியூ, "9 மணி ஏ.இ.எஸ்.டி." என்று போட்டிருக்கிறார்கள், யாராவது உடனே சொல்லுங்கள்

அம்பை ஆற்றங்கரை
எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு கம்பெனியில் வீடியோ இண்டர்வியூ. மெயிலில் "காலை 9 மணி, ஏ.இ.எஸ்.டி." என்று இருக்கிறது. லேப்டாப் காலண்டரில் போட்டால் விடிகாலை 4.30 என்று காட்டுகிறது. வீட்டுக்காரர் 9 மணிதான் என்கிறார். பக்கத்து ஃபிளாட் பஞ்சாபி அக்கா 8 மணிக்கே உட்கார்ந்துவிடு என்கிறார். இன்று ஞாயிறு ராத்திரி, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கையில் இருக்கிற பணம் வாடகைக்கே போய்க்கொண்டிருக்கிறது. இந்த வேலை எனக்கு ரொம்ப முக்கியம்.

டவுன் ரதவீதி (நியூஜெர்சி)
பயப்படாதீங்க. ஈஸ்டர்ன் டைம்தானே? மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நம்ம ஊரைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் பத்தரை. நான் இங்கே வந்தது ஜனவரியில். சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஊரில் அம்மா தூங்கப் போகிற நேரத்தில் எனக்கு ஆபீஸ் உச்சத்தில் இருக்கும். முதல் குளிர்காலம் முழுக்க ஞாயிறுகளில் மட்டும்தான் அம்மா குரலைக் கேட்டேன். அந்தத் தனிமையைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் பழகிவிடும்.

சங்கரன்கோவில் (சிட்னி)
அண்ணாச்சி, அவங்க இருப்பது ஆஸ்திரேலியாவில். இங்கேயும் கிழக்கு நேரம் என்றுதான் பெயர், ஆனால் நியூயார்க் கணக்கு இதற்கு ஒத்து வராது. நாம் இந்தியாவுக்கு முன்னால் ஓடுகிறோம். இப்போது நவம்பர், வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். 9 மணி என்றால் ஊரில் 3.30. லேப்டாப் 4.30 காட்டுவது தப்பு.

களக்காடு (கெயின்ஸ்)
ஐந்தரை இல்லை, நாலரை. வருஷம் முழுக்க நாலரைதான். லேப்டாப் சரியாகத்தான் சொல்கிறது.

சங்கரன்கோவில் (சிட்னி)
அக்டோபர் முதல் ஞாயிறில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டோமே. ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரைதான்.

களக்காடு (கெயின்ஸ்)
உங்க ஊரில் தள்ளினீர்கள். குயின்ஸ்லாந்தில் தள்ளுவது கிடையாது. 1992ல் ஓட்டெடுப்பு நடத்தி, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். வெயில் கொளுத்துகிற ஊரில் சாயங்கால வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் எதற்கு? மக்கள் எடுத்தது நல்ல முடிவு.

மேலப்பாளையம் (துபாய்)
எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வருஷம் முழுக்க இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அவ்வளவுதான். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது மனதில் நிற்பதில்லை. ஊரில் காலை ஆறு மணிக்குப் போன் போட்டு "இன்னுமா எந்திரிக்கல" என்று கேட்பார்கள், இங்கே நாலரை. வந்த புதிதில் அடுக்குக் கட்டில் போட்ட அறையில் தங்கியிருந்தேன். ஒருவர் போன் அடித்தால் எல்லோருடைய தூக்கமும் போகும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் பாவம், எழுந்து உட்கார்ந்து முகத்தைத் தேய்ப்பார்.

டவுன் ரதவீதி (நியூஜெர்சி)
உண்மை. கல்யாணம், சடங்கு என்றால் இன்னும் கஷ்டம். வீடியோவில் வராவிட்டால் மனத்தாங்கல். இங்கே அது நடுராத்திரி என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

களக்காடு (கெயின்ஸ்)
கம்பெனிக்காரர்கள் மட்டும் என்ன? வேலை தேடுகிறவன் ஒரு நிமிஷம் பிந்தினால் ஒழுங்கில்லாதவன். அவர்கள் எந்த ஊர் நேரம் என்று எழுதாமலே அனுப்பலாம்.

பாளை ஓய்வுபெற்ற ஆசிரியர்
மகள் அடிலெய்டில் இருப்பதால் இங்கே வந்து படிப்பேன். அங்கே அரை மணிக் கணக்கு வேறு. நமக்கும் அவளுக்கும் குளிர்காலத்தில் நான்கு மணி நேரம், கோடையில் ஐந்து. இந்திய நேரம் மிர்சாப்பூர் பக்கத்தில் போகிற 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்தது. நம்ம திருநெல்வேலி ஏறக்குறைய 77.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று போட்டால், நம்ம ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்குச் சராசரியாக 19 நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது. 1906ல் இந்தியாவுக்கு ஒரே நேரம் வருவதற்கு முன்னால் ரயில்களை ஓட்டியது மதராஸ் நேரத்தில், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். அப்போது மதராஸ் நேரம், பம்பாய் நேரம், கல்கத்தா நேரம் என்று ஊர்ப்பெயர் சொல்லித்தான் பேசினார்கள், எந்த ஊர்க் கடிகாரம் என்ற சந்தேகம் வராது. அம்மா, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று இதுவரை சொல்லவில்லையே?

வீரவநல்லூர் (டுவீட் ஹெட்ஸ்)
சார் கேட்டதுதான் கேள்வி. நான் நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் குடியிருந்துகொண்டு, தெருவைத் தாண்டி குயின்ஸ்லாந்தில் வேலை பார்க்கிறேன். கோடை முழுக்க வீட்டுக் கடிகாரமும் ஆபீஸ் கடிகாரமும் ஒரு மணி நேரம் தள்ளித்தான் ஓடும். அம்பை, மூன்று விஷயம் சொல்லுங்கள். நீங்கள் எந்த ஊர்? கம்பெனி எந்த ஊர்? லேப்டாப்பில் எந்த ஊர் நேரம் வைத்திருக்கிறீர்கள்?

அம்பை ஆற்றங்கரை
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுப்போச்சு. நாங்கள் பிரிஸ்பேன். கம்பெனி மெல்பர்னில். லேப்டாப் இந்தியாவில் வாங்கியது, "சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டில்லி" என்றே இருக்கிறது.

வீரவநல்லூர் (டுவீட் ஹெட்ஸ்)
சரி, இப்போது விளங்குகிறது. லேப்டாப் காட்டிய 4.30 இந்திய நேரம், அதை விடுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் சரியாக இருக்கலாம், பஞ்சாபி அக்காவும் சரியாக இருக்கலாம்.

ஏ.இ.எஸ்.டி. என்றால் ஆஸ்திரேலியன் ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம், எஸ் என்பது ஸ்டாண்டர்ட். கிரீன்விச்சுக்குப் பத்து மணி நேரம் முன்னால், அதை மாற்ற முடியாது. பிரிஸ்பேன் குயின்ஸ்லாந்தில் இருப்பதால் வருஷம் முழுக்க அதில்தான் இருக்கிறது. மெல்பர்னும் சிட்னியும் இப்போது ஏ.இ.டி.டி.யில் இருக்கின்றன, அதில் முதல் டி டேலைட், அதாவது கோடைக் கணக்கு, பதினொரு மணி நேரம். எழுதியபடியே எடுத்தால் உங்களுக்கு 9, மெல்பர்னில் 10. ஆனால் மெல்பர்ன்காரர்கள் பலர் கோடையிலும் பழக்கத்தில் ஏ.இ.எஸ்.டி. என்றே தட்டிவிடுவார்கள், அவர்கள் மனதில் இருப்பது சுவரில் தொங்குகிற கடிகாரம். அப்படியானால் உங்களுக்கு 8. எழுத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை வராது. அனுப்பியவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

நாளை காலை முதல் வேலையாக மெயில் போடுங்கள்: "நான் பிரிஸ்பேனில் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை இண்டர்வியூ மெல்பர்ன் நேரம் 9 மணியா, பிரிஸ்பேன் நேரம் 9 மணியா என்று உறுதிசெய்ய முடியுமா?" இரண்டு ஊர்ப்பெயரும் கட்டாயம் இருக்கட்டும். இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம், வேலையில் அக்கறை இருப்பவர்தான் கேட்பார். மத்தியானம் வரை பதில் இல்லை என்றால் போன் பண்ணுங்கள். அதற்கும் ஒன்றும் தெரியாவிட்டால் 8 மணிக்குள் தயாராக உட்கார்ந்திருங்கள்.

ஊர்க் கம்பெனிகளோடு பேசும்போதும் ஐ.எஸ்.டி. என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தியாவுக்கும் அதே எழுத்து, இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே எழுத்து. "இந்திய நேரம்" என்று முழுசாக எழுதிவிடுங்கள்.

சங்கரன்கோவில் (சிட்னி)
ஆமாம், நான் சிட்னியை நினைத்துச் சொன்னேன். பிரிஸ்பேனுக்கு நாலரைதான். மெயிலோடு காலண்டர் அழைப்பும் வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் போனில் திறங்கள், அதுவே உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும்.

அம்பை ஆற்றங்கரை
காலண்டர் அழைப்பு இல்லை, வெறும் மெயில்தான். காலையிலேயே கேட்டுவிட்டேன், இப்போது பதில் வந்துவிட்டது. மெல்பர்ன் நேரம் 9, எனக்கு 8. எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லேப்டாப்பையும் மாற்றப் போகிறேன். பட்டியலில் "கான்பரா, மெல்பர்ன், சிட்னி" என்று ஒன்றும், "பிரிஸ்பேன்" என்று ஒன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் +10 என்றே போட்டிருக்கிறது, எதை எடுப்பது?

வீரவநல்லூர் (டுவீட் ஹெட்ஸ்)
பிரிஸ்பேன். அந்த +10 கோடைக் கணக்கு சேராதது, அதைப் பார்க்க வேண்டாம். மாற்றினதும் காலண்டரில் முன்னே போட்டதை அழித்துவிட்டு 8 மணி என்று புதிதாகப் போடுங்கள்.