சூடானதும் உறுமும் செயின்சா: வழி சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு கடைக்காரர் 'பழுதுபார்க்கும் கூலிக்கே கட்டாது' என்று மூலையில் போட்டிருந்த செயின்சாவைச் சென்ற மாதம் 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். 58 சிசி, 5800 மாடல், சீனத் தயாரிப்பு. நாங்குநேரி பக்கம் எங்கள் நிலத்தில் உடைமரம் அடைத்துக் கிடக்கிறது; ஐப்பசி மழைக்கு முன் வெட்டியாக வேண்டும்.

காலையில் இரண்டே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. பத்து நிமிடம் அறுத்ததும், ஆக்சிலரேட்டரிலிருந்து விரலை எடுத்தாலும் வேகம் குறையாமல் உறுமுகிறது. இடப்பக்கம் சாய்த்தால் இன்னும் கூடுகிறது.

கார்புரேட்டர் டயாஃப்ரம், பெட்ரோல் குழாய், ஃபில்டர், பிளக் எல்லாம் புதிது. இன்டேக் ரப்பரையும் மாற்றிவிட்டேன். லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறேன். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன்: பிஸ்டனில் ஒரு கீறல்கூட இல்லை. இப்படிப்பட்ட எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை.

கிளட்சுக்குப் பின்னால் மரத்தூள் எண்ணெயில் ஊறிக் கறுத்த பசையாக அப்பியிருக்கிறது. கிராங்க் ஆயில் சீல் (எஞ்சின் தண்டு வெளிவரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்) போய், அதன் வழியே காற்று புகுந்து வேகம் கூடுகிறதோ என்று சந்தேகம். செயின் ஆயில் கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும். நான் காட்டிய இரண்டு மெக்கானிக்குகளும் பிரித்தால்தான் தெரியும் என்கிறார்கள்.

பிரஷர் டெஸ்டர் (காற்றடைத்துக் கசிவு பார்க்கும் கருவி) இல்லாமல், சீல் வழியாகத்தான் காற்று இழுக்கிறது என்று வீட்டிலேயே உறுதிசெய்வது எப்படி?