புதுப்பிப்பு: விருந்துக்கு எடுத்துப்போன ரெட் வைன்

பிரான்சின் லியோன் நகரில், என்னுடன் வேலை செய்பவர் வீட்டு விருந்துக்கு 12 யூரோவுக்குள் எந்த ரெட் வைன் வாங்கிப் போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று விருந்து முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோர்பியேர், கோத் து ரோன் என்று பலர் சொன்னீர்கள். கடையில் நின்று யோசித்தபோது, லியோனுக்கு வடக்கே பக்கத்திலேயே விளையும் போஜோலே வைனை விட்டுவிட மனம் வரவில்லை. 11 யூரோவுக்கு புருய்யி என்ற போஜோலே வைன் ஒன்றை எடுத்தேன். போஜோலே என்றாலே நவம்பரில் வரும் 'நூவோ' என்ற புது வைன்தானே என்று ஒருவர் தயங்கியிருந்தார். இது வேறு. போஜோலேயில் தனிப் பெயர் பெற்ற 10 பகுதிகளில் புருய்யியும் ஒன்று. லேபிளில் அந்தப் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

அப்புறம், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி! பையிலேயே சூடேறியிருந்த வைனின் முதல் வாயில் சாராய நெடிதான் தெரிந்தது. குளிர்ந்த பிறகு செர்ரிப் பழ வாசனை நன்றாக எழுந்தது. இந்த வைன் செய்யும் கமே திராட்சைக்குத் துவர்ப்பு குறைவு. உருளைக்கிழங்கோடு பரிமாறிய சூடான சொசிசோன் என்ற தொத்திறைச்சிக்கு அருமையாகப் பொருந்தியது. சீஸ் வருவதற்குள் பாட்டில் காலி. அடுத்த முறை இரண்டு வாங்குவேன்.