நோடியூலுக்கு ‘நுரையீரல் பரல்’: கட்டி வேண்டாம், முடிச்சும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

நுரையீரல் ஸ்கேனில் தெரியும் சின்ன உருண்டையை டாக்டர்கள் ‘நோடியூல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் குழுவின் பேச்சில், ‘கட்டி’ போதும், மக்களுக்குச் சட்டென்று புரியும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அப்படிப் புரிந்துவிடுவதுதான் எனக்குக் கவலை.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய், மூன்றாம் நிலை, அதனால் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மலாயில் ‘நோடுல்’ என்றார், தாதி அதைக் ‘கெத்துலான்’ (மலாயில் கட்டி) என்று விளக்கினார், கூடப் போன மகள் “நுரையீரல்லயும் கட்டியாம்மா” என்று சொல்லிவிட்டாள். அறிக்கையில் இருந்ததோ 4 மில்லிமீட்டர் அளவில் ஒன்று, இன்னதென்று இப்போது சொல்ல முடியாது, சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்ற குறிப்புடன். அக்கா அதற்குள், பரவிவிட்டது, இனி எதற்கு ஊசியும் மருந்தும் என்று சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டார்.

சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத சில மில்லிமீட்டர் உருண்டைகூட சிடியில் தெரிந்துவிடும். பழைய காசநோய்த் தழும்பும் அப்படித்தான் தெரியும். நம் மலேசியாவில் அது அபூர்வமில்லை. இப்படிக் குழப்பம் வருவதும் ஒரு காரணம், மார்பகப் புற்றுநோயின் முதல், இரண்டாம் நிலைகளில், இருமல், மூச்சுத்திணறல் போல எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கு நெஞ்சு சிடியை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டிகள் சொல்வதற்கு. அதற்காக அலட்சியமும் கூடாது, இந்த நோய் பரவும் இடங்களில் எலும்பு, கல்லீரல், மூளையோடு நுரையீரலும் ஒன்று. ஆகவே சொல் பயமுறுத்தவும் கூடாது, தூங்க வைக்கவும் கூடாது.

‘முடிச்சு’ என்பவர்களுக்கு: ஒரே அறிக்கையில் அக்குள் நிணநீர் முடிச்சும் வருமே, அப்புறம் இதையும் முடிச்சு என்றால்? அக்குள் முடிச்சுக்கு மட்டும் பரவியிருந்தால் குணமாக்கும் நோக்கோடுதான் சிகிச்சை நடக்கும், நுரையீரலுக்குப் பரவியது உறுதியானால் அது நான்காம் நிலை. இந்த இரண்டையும் குழப்பும் சொல்லை நாம் கொடுக்கவே கூடாது. ‘புள்ளி’யும் சரிவராது, மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) தெரியும் சுண்ணாம்புத் துகளை ஏற்கனவே புள்ளி என்கிறோம்.

என் பரிந்துரை ‘பரல்’, சிலம்புக்குள் இட்டிருக்கும் சின்ன மணி. சின்னது, உருண்டை, கெட்டியானது. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்பது உடைத்த பிறகுதானே தெரிந்தது? இதுவும் வெளித்தோற்றத்தை வைத்து முடிவுகட்ட முடியாதது, வளர்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லது ஊசியால் திசு எடுக்க வேண்டும். பழஞ்சொல் யாருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள், தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் கண்ணகி கதை தெரியும்.

3 செண்டிமீட்டரைத் தாண்டினால் அது பரல் இல்லை, ‘திரள்’ (ஆங்கிலத்தில் மாஸ்). சுண்ணாம்பு முழுதாகப் படிந்தது ‘சுண்ணப் பரல்’, பெரும்பாலும் பழைய தழும்பு. இன்னதென்று முடிவாகாததை ‘இனந்தெரியாப் பரல்’ என்றார் ஒருவர், எனக்கு அது பத்திரிகையில் வரும் இனந்தெரியாத நபரைத்தான் நினைவூட்டுகிறது, நோயாளி காதில் அது விழ வேண்டாம். ‘அறுதியிடாப் பரல்’ என்று வைக்கலாமா?

குழுவில் தாதியர் சிலர் இருக்கிறீர்கள். அடுத்த அறிக்கையை விளக்கும்போது, “நுரையீரலில் ஒரு சின்னப் பரல் தெரிகிறது, என்னவென்று இன்னும் முடிவாகவில்லை” என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் திரும்பக் கேட்கும் முதல் கேள்வி என்ன என்பதை இங்கே எழுதுங்கள், அதை வைத்துச் சொல்லை மாற்றலாம்.