புதுப்பிப்பு: மாடிச் சாமந்தி பூத்துவிட்டது. இத்தனை நாள் பூக்காததற்குக் காரணம் தெருவிளக்குதான்

கார்த்திகை, மார்கழி வந்தாலும் எங்கள் வீட்டு மஞ்சள் சாமந்தி இலையாகவே தழைக்கிறது, மொட்டே இல்லை என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பொட்டாஷ் கொடுத்தேன். இலை கெட்டியானது, அவ்வளவுதான். ஆடியில் நுனி கிள்ளியதில் செடி புதராக அடர்ந்தது, மொட்டு இல்லை. பலித்தது, "இரவில் செடிமேல் வெளிச்சம் விழுகிறதா பாருங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான். சாமந்தி நீண்ட இரவில் மொட்டு வைக்கும் செடி. இருட்டின் நடுவே விளக்கு பட்டால் இலைகள் அதைக் குறுகிய இரவாகவே எடுத்துக்கொள்ளும். பூ தள்ளிப்போகட்டும் என்று பண்ணைக்காரர்கள் வேண்டுமென்றே இரவில் விளக்குப் போடுவது இதனால்தான். எங்கள் கைப்பிடிச் சுவருக்கு நேரே எல்.இ.டி தெருவிளக்கு, விடியும்வரை எரியும்.

புரட்டாசியில் கறுப்புத் துணியால் மூடினேன். மழை ஈரத்தில் உள்ளே புழுங்கி, அடியிலைகளில் கரும்புள்ளி வந்தது. இதை எதிர்பார்க்கவில்லை. துணியை எடுத்துவிட்டு, செடித் தொட்டிகளை, தெருவிளக்கை மறைக்கும்படி தண்ணீர்த் தொட்டியின் மறுபக்கம் நகர்த்தினேன். பகலில் வெயில் உண்டு, இரவில் விளக்கு எட்டாது. ஐப்பசிக் கடைசியில் மொட்டு, மார்கழியில் கிளை தாங்காத பூ!

இன்னொன்று: விளக்கடியிலேயே விட்டிருந்த துலுக்கச் சாமந்தி (செண்டுமல்லி, இது வேறு செடி) வழக்கம்போல் பூத்தது. எல்லாச் செடிக்கும் இந்த வைத்தியம் வேண்டாம்.