அமெரிக்க சோல் இசைப் பாடகர், கிட்டாரிஸ்ட் கர்டிஸ் மேஃபீல்டை நீங்கள் எப்படிக் கேட்க ஆரம்பித்தீர்கள்?

நான் முதலில் கேட்டது 'பீப்பிள் கெட் ரெடி', 1965-ல் இம்ப்ரெஷன்ஸ் குழுவோடு அவர் பாடியது. எல்லோரும் அந்த மெல்லிய ஃபால்செட்டோ (இயல்பு எல்லையைத் தாண்டிய உச்சக்) குரலைத்தான் சிலாகிப்பார்கள், எனக்கோ நடுவில் வரும் சின்ன கிட்டார் பிட் மேலேயே காது. வாசித்துப் பார்த்தால் சுரமெல்லாம் சரியாக வருகிறது, அந்த நாதம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

விஷயம் சுருதி சேர்ப்பதில் இருக்கிறது. 1942-ல் சிகாகோவில் பிறந்து, ஏழ்மையில் வளர்ந்து, பாட்டியின் சர்ச்சில் பாடிப் பழகியவர். கிட்டார் சொல்லித்தர ஆள் கிடையாது. பியானோவில் கறுப்புக் கட்டைகளைத் தட்டிப் பழகியிருந்ததால் கிட்டாரையும் அதற்கே சேர்த்துவிட்டார்: எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், எஃப் ஷார்ப். நம் கணக்கில் நாலரைக் கட்டை. அந்தக் கறுப்புக் கட்டைகளை எஃப் ஷார்ப்பில் ஆரம்பித்து வரிசையாக வாசித்தால் நமக்கு மோகனம்! கடைசிவரை அவர் இதை மாற்றவே இல்லை. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் என் கிட்டாரைக் கையில் வாங்கினால் திணறுவான் என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முயற்சி செய்கிறவர்களுக்கு: முதல் ஸ்ட்ரிங்கையும் ஆறாவதையும் ஒரு முழு சுரம் ஏற்ற வேண்டும், அதனால் மெல்லிய செட் போடுங்கள், இல்லாவிட்டால் அறுந்துவிடும். இரண்டு, மூன்று, நான்கு மூன்றும் அரை சுரம் இறங்கும், ஐந்தாவது அரை சுரம் ஏறும். பிக் (மீட்டும் சில்லு) வேண்டாம், விரல்தான். சும்மா மீட்டினாலே மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) விழுவதால் இடது கைக்கு வேலை குறைவு, அந்த ஓய்வில்தான் கார்டுகளுக்கு நடுவே குட்டிக் குட்டி அசைவுகளைச் செருகுகிறார். 'லிட்டில் விங்' வாசித்த ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இவரை எவ்வளவு கேட்டிருப்பார் என்பது அப்போது தெரியும்.

இன்னொன்று, பலர் பேசாதது. பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு உரிமையை கம்பெனியிடம் விட்டுவிடுவதுதான் அன்றைக்குக் கறுப்பினக் கலைஞர்கள் பலருக்கு நடந்தது. இவர் இருபது வயதுப் பக்கத்திலேயே தன் பாடல்களின் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார், 1968-ல் கர்டம் என்று சொந்த ரெக்கார்டு கம்பெனியே தொடங்கினார். அப்படி இருந்ததால்தான் தன் இஷ்டத்துக்கு எழுத முடிந்தது என்று நினைக்கிறேன்.

* * *

மேலே எழுதிய அண்ணனுக்கு நன்றி, நான் வேறு வாசல் வழியாக வந்தவன். லைட் மியூசிக் ட்ரூப்பில் காங்கோ, பேங்கோஸ் என்று கையால் தட்டும் தாளவாத்தியங்கள் வாசிக்கிறேன். 1971-ல் வந்த 'கர்டிஸ் லைவ்' கேளுங்கள். நியூயார்க்கில் பிட்டர் எண்ட் என்ற சின்ன கிளப், ட்ரம்பெட் மாதிரி பிராஸ் கிடையாது, வயலின் கிடையாது, அவரோடு சேர்த்து மேடையில் ஐந்தே பேர். மாஸ்டர் ஹென்றி கிப்சன் காங்கோவில் பேசிக்கொண்டே இருக்கிறார், லக்கி ஸ்காட்டின் பேஸ் கிட்டார் அதற்குப் பதில் சொல்கிறது, தலைவரோ ரெண்டு ரெண்டு கார்டாகப் போட்டுவிட்டு இடம் விட்டு நிற்கிறார். நம் ட்ரூப் லீடர்கள் இதைக் கேட்க வேண்டும், மற்றபடி நான் ஒன்றும் சொல்லவில்லை :) அதே பெயரில் வந்த படத்துக்கு அவர் போட்ட 'சூப்பர் ஃப்ளை' (1972) ஆல்பத்தைப் பிறகு கேட்டேன். கொக்கைன் விற்கிறவனைப் படம் ஹீரோவாகக் காட்ட, பாட்டு அவனை நம்பிப் போனவனின் சாவைச் சொல்கிறது. 'ஃப்ரெடீஸ் டெட்' படத்தில் வெறும் இசையாகத்தான் வரும், வரிகள் வேண்டுமானால் ஆல்பத்துக்குத்தான் போக வேண்டும்.

* * *

கடைசிக் காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1990 ஆகஸ்டில் புரூக்ளினில் ஒரு திறந்தவெளி மேடையில் விளக்குச் சாரம் சரிந்து அவர் மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போயிற்று, கிட்டார் அத்தோடு முடிந்தது. எனக்கு அவர் அறிமுகமானதே அதற்குப் பிறகு வந்த 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' (1996) மூலம்தான். மூச்சு பற்றாததால் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். இது தெரியாமல்தான் முதலில் கேட்டேன், குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது என்பதைத் தவிர வித்தியாசம் எதுவும் பிடிபடவில்லை. 1999 டிசம்பரில் காலமானார். அந்த ஆல்பத்தில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் 'பேக் டு லிவிங் அகெய்ன்', அரீதா ஃப்ராங்க்ளினின் குரலும் அதில் வருகிறது.