கிரீன் ஓரத்து மணல் பங்கரிலிருந்து பந்தை வெளியேற்ற வழி சொல்லுங்கள்

அடையாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. சென்னையில் கோல்ஃப் ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஃபேர்வே புல்வெளியில் ஏழாம் எண் அயர்ன் மட்டை ஓரளவு சொன்னபடி கேட்கிறது. பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கிலும் பெரிய குறை இல்லை. ஆனால் கிரீனை (குழியும் கொடியும் இருக்கும் குட்டைப்புல் தரையை) ஒட்டிய பங்கருக்குள், அதாவது மணல் பள்ளத்துக்குள், பந்து விழுந்துவிட்டால் என் கை என்னுடையதாக இருப்பதில்லை.

கடந்த ஞாயிறு பதினான்காவது ஹோலில் நடந்ததைச் சொல்கிறேன். கொடி 12 மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. பங்கரின் விளிம்பு என் முழங்கால் உயரம். முதல் அடியில் மட்டை மணலுக்குள் புதைந்து நின்றுவிட்டது. பந்து ஒரு சாண் நகர்ந்தது. இரண்டாவது அடியில் பந்து சரிவில் ஏறி, யோசித்து, என் காலடிக்கே உருண்டு வந்தது. மூன்றாவதில் மட்டை நேராகப் பந்தின் வயிற்றில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் பறந்தது. அந்த ஹோலில் மட்டும் 9 அடிகள். உடன் ஆடியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதிதான் வீடு வரை கூடவே வந்தது.

நான் வைத்திருப்பது 56 டிகிரி முகச்சாய்வுள்ள சாண்ட் வெட்ஜ் (மணலுக்கான மட்டை), 14 டிகிரி பவுன்ஸ் (அடிப்பாகத்தின் கோணம்). "பந்துக்கு அடியில் கொடுத்து அள்ளுங்கள்" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். அள்ளி அள்ளித்தான் இந்த நிலை. பந்துக்கு எவ்வளவு பின்னால் அடிக்க வேண்டும்? மெதுவாக அடிப்பதா, வேகமாகவா? மழைக்குப் பிறகு மணல் இறுகிக் கிடக்கும்போது வேறு முறை உண்டா?

பழைய கேடி:

தம்பி, 31 ஆண்டுகள் மற்றவர்களின் மட்டைப்பையைச் சுமந்தவன் நான். பங்கருக்குள் இறங்குகிறவரின் முதுகைப் பார்த்தே பந்து வெளியே வருமா வராதா என்று சொல்லிவிடுவேன். நீங்கள் எழுதிய மூன்று அடிகளும் மூன்று தவறுகள் அல்ல, ஒரே தவறு. பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் உடல் எடை வலது காலுக்குப் போய்விடுகிறது. அப்போது மட்டை தரையைத் தொடும் இடமும் பின்னால் போய்விடும். சில நேரம் அங்கேயே புதைந்து நிற்கும். சில நேரம் மணலில் பட்டு எழும்பி வந்து பந்தின் நடுவில் மோதும். புதைந்ததும் பறந்ததும் அதனால்தான்.

முதலில் "அள்ளுவது" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். கிரீன் ஓரத்துப் பங்கரில் மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலுக்குள் நுழைந்து, பந்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய், முன்பக்கமாக வெளியே வர வேண்டும். மணல் பறக்கும், பந்து அந்த மணலின் மேல் சவாரி செய்து வெளியே வரும்.

இப்போது உங்கள் வெட்ஜைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்விளிம்பைவிடப் பின்பகுதி சற்றுத் தாழ்ந்து தடித்திருக்கிறது அல்லவா? அதுதான் பவுன்ஸ். முன்விளிம்பு முதலில் இறங்கினால் மட்டை மண்வெட்டியாகிவிடும். கொத்திக்கொண்டு உள்ளே போகும். பின்பகுதி முதலில் பட்டால் தோசைத்திருப்பி கல்லின் மேல் வழுக்கிப் போவதுபோலப் போகும். மட்டையின் முகத்தை, அதாவது பந்தை அடிக்கும் பக்கத்தை, திறந்து பிடிப்பதன் நோக்கமே அந்தப் பின்பகுதிக்கு வேலை கொடுப்பதுதான்.

திறப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் மட்டையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டைத் திருப்புகிறார்கள். அடிக்கும் நேரத்தில் கை பழைய இடத்துக்கே வந்துவிடும், முகமும் மூடிவிடும். முதலில் முகத்தை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அதன் பிறகு பிடியுங்கள். கால்களைச் சிறிது அசைத்து மணலுக்குள் ஊன்றுங்கள். பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். எடையில் பாதிக்கு மேல் இடது காலில் வையுங்கள்; அடித்து முடிக்கும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 12 மீட்டர்தானே என்று கையைத் தளர்த்துகிறவர்கள்தான் மணலிலேயே நின்றுவிடுகிறார்கள். மணல் வேகத்தைத் தின்றுவிடும். புல்லிலிருந்து 30 மீட்டர் அனுப்ப எவ்வளவு வீசுவீர்களோ, அவ்வளவு வீசுங்கள். மார்பு கொடியைப் பார்த்து முடிய வேண்டும்.

பயிற்சிக்குப் பந்தே வேண்டாம். பயிற்சிப் பங்கரில் மட்டையால் நீளமாக ஒரு கோடு கிழியுங்கள். கோட்டின் மேல் மணல் பறக்கும்படி இருபது முறை அடியுங்கள். மணலில் உங்கள் மட்டை பறிக்கும் குழிகள் கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கும் என்று நினைக்கிறேன். அவை கோட்டுக்கு வந்து சேரும் வரை பந்தை வைக்காதீர்கள். காதையும் திறந்து வையுங்கள். பவுன்ஸ் சரியாகப் பட்டால் மணலிலிருந்து "தொப்" என்று ஒரு நிறைவான சத்தம் வரும். புதைந்தால் சத்தமே இருக்காது.

குன்னூர்க் குளிர்:

பழைய கேடி அண்ணா சொன்னதற்கு மேல் அடிப்படையில் சேர்க்க ஒன்றுமில்லை. இந்தப் பவுன்ஸ் எப்படி வந்தது என்று தெரிந்தபோது எனக்கு மனத்தடை விலகியது, அதனால் சொல்கிறேன். பழைய மட்டைகளுக்கு அடி மெலிந்து கூர்மையாக இருந்தது, மணலைக் கொத்தும். விமானம் மேலெழும்போது அதன் வால் கீழே இறங்குவதைக் கவனித்த அமெரிக்க வீரர் ஜீன் சாரசன், தன் மட்டையின் அடிப்பாகத்தில் ஈயப்பற்றை உருக்கி வைத்துத் தடிப்பாக்கிப் பார்த்தார். அந்த மட்டையோடு 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். உங்கள் பையில் இருப்பது அதன் வாரிசுதான். அதை நம்புங்கள்.

ஈர மணல் பற்றி: மழைக்குப் பின் இறுகிய மணலில் 14 டிகிரி பவுன்ஸ் உள்ளே நுழையாமல் துள்ளிவிடும். முகத்தை அதிகம் திறக்காதீர்கள். பவுன்ஸ் குறைந்த வேறு வெட்ஜ் இருந்தால் அதை எடுங்கள். பந்து வேகமாக வெளியே வரும், வீச்சைக் குறைத்துக்கொள்ளலாம். பந்து பாதி புதைந்திருந்தால் முகத்தை நேராக வைத்து, செங்குத்தாக இறக்குங்கள். கிரீனில் அதிகம் உருளும், அதற்கு இடம் விட்டு அடியுங்கள்.

அந்த 9-ஐ நினைத்து வருந்த வேண்டாம். 2003 ஓப்பனில் முன்னணியில் இருந்த தாமஸ் பியோர்னுக்குப் பதினாறாவது ஹோல் பங்கரில் இரண்டு முறை பந்து காலடிக்கே திரும்பி வந்தது. மூன்றாவது முறைதான் வெளியேற்றினார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பட்டம் கைநழுவியது. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

விதிப்பிரியன்:

பயிற்சிப் பங்கரில் கோடு கிழிக்கலாம். ஆட்டத்தின் நடுவே, பந்து பங்கரில் கிடக்கும்போது, பயிற்சி வீச்சில் மணலைத் தொட்டால் இரண்டு அடி அபராதமாகக் கணக்கில் சேரும். பின்வீச்சில் தொட்டாலும் அப்படியே. உதிர்ந்த இலை, சுள்ளிகளை 2019 முதல் எடுத்துவிடலாம். பந்து மட்டும் நகரக் கூடாது. மழைநீர் தேங்கியிருந்தால் பங்கருக்குள்ளேயே அபராதமின்றி இடம் மாற்றலாம். வெளியே வந்து ஆட விரும்பினால் ஓர் அடி அபராதம். எந்த வழியும் இல்லையென்றால், ஆட முடியாத பந்து என்று அறிவித்து, இரண்டு அடி அபராதத்துடன் பங்கருக்குப் பின்னால் வெளியே இறக்கி ஆடவும் விதி இடம் தருகிறது.

அடையாற்றங்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்கள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பயிற்சி செய்தேன். பழைய கேடி ஐயா கணித்தது அப்படியே இருந்தது: முதல் நாள் என் குழிகளெல்லாம் கோட்டுக்கு ஒரு கையகலம் பின்னால். இடது காலில் எடையை நிறுத்தி வைத்ததும் அவை முன்னால் நகரத் தொடங்கின. நான்காம் நாள் அந்தத் "தொப்" சத்தம் கேட்டது. மணல் என் முகத்தில் தெறித்தது, பந்து வெள்ளைப் புறா போல எழும்பிக் கொடிக்கு அருகில் இறங்கியது. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

நேற்று இருபது பந்துகளில் பதினான்கு வெளியே வந்தன. மீதி ஆறும் விளிம்பில் மோதி உள்ளேயே விழுந்தன. அந்த ஆறுக்கு என்ன செய்வது, ஐயா?

பழைய கேடி:

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, தம்பி. விளிம்பில் மோதுகிறது என்றால் நுழையும் இடம் சரி, உயரம் போதவில்லை. அடிக்கும் நேரத்தில் கை முந்திப் போய் முகம் மூடுகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு வழி: ஒரு முழ நீளப் பலகையை மணலுக்குள் வைத்து, மேலே ஓர் அங்குலம் மணல் பரப்பி, அதன் மேல் பந்தை வையுங்கள். மெதுவாகத் தொடங்குங்கள். முகம் திறந்திருந்தால் மட்டை பலகையின் மேல் வழுக்கிப் போகும். மூடியிருந்தால் பலகையில் இடித்து நிற்கும், உங்கள் மணிக்கட்டே சொல்லிவிடும்.

முடித்ததும் பலகையை வெளியே எடுத்து, ரேக்கால் (மணல் வாரியால்) மணலைச் சமப்படுத்திவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவரின் பந்து உங்கள் கால்தடத்தில் கிடக்கக் கூடாது.