பிளட்லைன் 50%னு சொல்றதும் இன்பிரீடிங் சதவீதமும் ஒண்ணா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நாய் வளக்குறவங்க பேச்சுல பிளட்னா ஒரு மூதாதை நாய்கிட்டேந்து குட்டிக்கு வர்ற பங்கு, இன்பிரீடிங் சதவீதம்னா சொந்தத்துக்குள்ள சேத்ததால ஒரே மூதாதையோட ஒரே ஜீன் அப்பா அம்மா ரெண்டு பக்கமும் வர்ற வாய்ப்பு. இந்த ரெண்டு நம்பரையும் போட்டுக் குழப்பிக்கிறவங்கள நெறய பாத்தாச்சு, பிரீடர்ஸ்லயே (குட்டி போட வெச்சு விக்கிறவங்க) பல பேர் அப்படித்தான். சமீபத்துல ஒரு பிரீடர்கிட்ட நாய்க்குட்டி பாக்கப் போயிருந்தேன், "சார், அந்த சாம்பியனோட பிளட் இதுல 50 பர்சன்ட் இருக்கு, இன்பிரீடிங்லாம் கெடயாது, லைன் பிரீடிங்தான் (ஒரு நல்ல நாயோட வழியிலயே சேக்கறது)"னாரு. பெடிக்ரீய (வம்சாவளிக் கட்டம்) வாங்கிப் பாத்தா சாம்பியன் பேரு ரெண்டு கட்டத்துல இருக்கு, அப்பாவோட அப்பா, அம்மாவோட அப்பா. அதாவது ஒரே தகப்பனுக்குப் பொறந்த ரெண்ட சேத்துருக்காங்க. தாத்தாவுக்கு 25, ரெண்டு பக்கமும் வர்றதால 50, அவர் சொன்ன கணக்குல தப்பே இல்ல. ஆனா அந்த சாம்பியனே நேரா அப்பாவா இருந்து, சம்பந்தமே இல்லாத பொட்டையோட மேட்டிங் ஆகியிருந்தாலும் பிளட் அதே 50தான வரும்? அங்க இன்பிரீடிங் பூஜ்யம். இங்க 12.5.

அது எப்டின்னு கேட்டாரு, பேப்பர் பின்னாடியே போட்டுக் காட்டுனேன். சிவால் ரைட்னு ஒரு அமெரிக்க மரபியல் விஞ்ஞானி 1922ல குடுத்த கணக்குதான். குட்டியோட அப்பாகிட்டேந்து பொது மூதாதைக்கு எத்தன படி, ஒண்ணு. அம்மாகிட்டேந்து, ஒண்ணு. அதோட ஒண்ணு சேத்துக்கோங்க, மூணு. அரைய மூணு தடவ பெருக்குனா எட்டுல ஒண்ணு, 12.5%. பொது மூதாதை ஒண்ணுக்கு மேல இருந்தா எல்லாத்தையும் தனித்தனியா போட்டுக் கூட்டணும், கூடப்பொறந்த அண்ணன் தங்கச்சிய சேத்தா 25 வர்றது அப்படித்தான், அப்பா வழி 12.5 அம்மா வழி 12.5. அந்த மூதாதையே இன்பிரீடிங்ல பொறந்திருந்தா இன்னும் ஏறும். பேப்பரையே கொஞ்ச நேரம் பாத்துட்டு "எல்லாரும் பண்றதுதான சார்"னாரு. பண்றாங்கதான், இல்லங்கல, ஆனா "இன்பிரீடிங் கெடயாது"ன்னு ஏன் சொல்லணும்?

---

நல்ல டாபிக் ப்ரோ. எனக்கு இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு. ஒரு பெடிக்ரீல ஒரே நாய் பேரு ரெண்டு தடவ வருதுன்னு பாத்துட்டு ஃபிரெண்டு ஒருத்தன் குட்டியே வேணாம்னு பயந்துட்டான். பாத்தா ரெண்டும் அப்பா பக்கத்துலயே இருக்கு, அம்மா பக்கம் மொத்தமா வேற லைன். அப்ப அப்பா நாய்தான் இன்பிரீட், குட்டிக்கு அதனால ஒண்ணுமே சேராது. ரெண்டு பக்கமும் ஒரே மூதாதை இருந்தாத்தான் கணக்குல வரும். 25% உள்ள நாயக்கூட சம்பந்தமில்லாத நாயோட சேத்தா குட்டிக்கு 0தான், இத சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

---

சம்பந்தமில்லாததுன்னு எத்தன தலைமுறை பாத்து முடிவு பண்றீங்க அண்ணா, அங்கதான் வில்லங்கமே. என்கிட்ட ஒருத்தர் இன்பிரீடிங் 3%னு காட்டுனாரு, சந்தோஷமா இருந்துச்சு, அப்புறம் பாத்தா அஞ்சு தலைமுறைக்குத்தான் போட்டுருக்காரு. அதே நாய பத்து தலைமுறைக்கு இழுத்ததும் 14ஐத் தாண்டிருச்சு. பத்தாவது தலைமுறைல மட்டும் 1024 கட்டம், மூடுன ஸ்டட்புக் (வெளி நாயச் சேத்துக்காத பதிவேடு) வெச்சிருக்குற பிரீட்ல அத்தன கட்டத்துக்கு வேற வேற நாய் எங்கேந்து வரும், அதே பேருதான் திரும்பத் திரும்ப வரும். எத்தன தலைமுறைன்னு சொல்லாத சதவீதத்த நான் இப்ப காதுலயே போட்டுக்குறதில்ல. இன்னொண்ணு, பேப்பர் கணக்கு ஒரே லிட்டர் (ஒரே ஈத்துல பொறந்த) குட்டிங்க எல்லாத்துக்கும் ஒரே நம்பரத்தான் காட்டும், டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா குட்டிக்குக் குட்டி மாறும். தாத்தாவோடது 25ங்கறதும் சராசரிதான், ஒண்ணுக்குக் கூட வரும் ஒண்ணுக்குக் கொறயும்.

---

பிளட் பர்சன்டேஜ நம்பாதீங்கன்னா டால்மேஷியன் கதையத்தான் நான் சொல்லுவேன். அந்த பிரீட்ல யூரிக் ஆசிட் ஏர்ற ஜீன் கோளாறு எல்லா நாய்லயும் ஊறிப்போச்சு, மாத்துறதுக்கு நல்ல ஜீனே அப்ப உள்ள இல்ல. 1973ல அமெரிக்காவுல ஒரே ஒரு பாயின்டர (வேற பிரீட் நாய்) சேத்தாங்க, அதுக்கப்புறம் திரும்பத் திரும்ப டால்மேஷியனோடயே மேட்டிங். பாயின்டர் பிளட் ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி பாதியா கொறஞ்சு 0.1%க்குக் கீழ போயிருச்சு, ஆனா ஒவ்வொரு லிட்டர்லயும் டெஸ்ட் பண்ணி அந்த நல்ல ஜீன் உள்ள குட்டியவே எடுத்ததால ஜீன் மட்டும் முழுசா நிக்குது. ஏகேசி (அமெரிக்க கென்னல் கிளப், நாய்ங்கள பதிவு பண்ற அமைப்பு) நடுவுல 1981ல ரெண்டு நாய பதிவு பண்ணிட்டு நிறுத்திருச்சு, 2011லதான் முழுசா ஒத்துக்கிச்சு, அதுவரைக்கும் "கலப்பு"ன்னு ஒரே சண்ட.

---

எல்லாம் சரி, எத்தன பர்சன்ட் வரைக்கும் வாங்கலாம், அத யாராச்சும் சொல்லுங்கப்பா 😅

---

கோடு போட்டு சொல்ல முடியாதுங்க, கொறய கொறய நல்லது, அவ்ளோதான். பிரிட்டன் கென்னல் கிளப் 2009லேந்து அப்பா-மக, அம்மா-மகன், அண்ணன்-தங்கச்சி மேட்டிங் குட்டிங்கள பதிவு பண்றதில்ல, அதாவது 25ங்கறது அவங்களுக்கே ஆகல. ஆனா 0%ன்னாலும் அப்பா அம்மா ரெண்டும் ஒரே நோய்க்கு கேரியரா (நோய் இல்லாம அந்த ஜீன மட்டும் சுமக்குறது) இருந்தா குட்டிக்கு வரலாம், அதனால பெடிக்ரீயோட ரெண்டு நாயோட ஜெனடிக் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேளுங்க, தர மாட்டேன்னா வேற லிட்டர் பாருங்க.